பினாங்கு எப்படி இருந்தது? சேலத்தில் என்னைக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

2025 பிப்ரவரி தொடக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரின் அக்காவும் மலேசியாவில் உள்ள பினாங்குத் தீவுக்குப் போய் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தோம். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். வந்த நாளிலிருந்து அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவிலும், செவ்வாய்ப்பேட்டைக்குச் சாமான் வாங்கப் போகும்போதும், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலும் கேள்விகள் ஓயவில்லை. பாதிப் பேர் கேட்பது ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் அவசரமாகப் பாதி பாதி சொல்வதை விட, நிதானமாக ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் அதிகம் சுற்றியது தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில். அதனால் பெரும்பாலும் அந்த ஊரைப் பற்றித்தான் இருக்கும்.

சிங்கப்பூர், கோலாலம்பூர் எல்லாம் இருக்கும்போது ஏன் பினாங்கு?

இரண்டு காரணம். வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்; அண்ணிக்கு வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு இருக்கிறது. மலாய் மொழியில் பினாங் என்றால் பாக்கு. புலாவ் பினாங் என்றால் பாக்குத் தீவு. அந்த மாநிலக் கொடியிலேயே பாக்கு மரம் உண்டு. இதைக் கேட்டதும் அண்ணி, "அப்ப அதைத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் சுற்றிய இடங்களில் தோப்பாக எங்கும் கண்ணில் படவில்லை. வீட்டு வாசல்களில் ஒன்றிரண்டு மரங்கள் நின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் அண்ணி நின்று, குலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

இரண்டாவது காரணம் என் அப்பாவின் சித்தப்பா. ரஜூலா என்ற கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் ஓடியது. சின்னத் தாத்தா அதில் ஏறிப் போனவர், பிறகு வரவில்லை. அவர் இறங்கிய கரையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சேலத்திலிருந்து எப்படிப் போவது? விசா எடுக்க வேண்டுமா?

நாமக்கல் வழியாகத் திருச்சிக்குப் பஸ், அங்கிருந்து கோலாலம்பூருக்கு விமானம். அடுத்து பட்டர்வொர்த் என்ற கரையோர ஊர் வரை ரயிலில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், பிறகு தீவுக்குப் படகு. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு நேராக விமானமும் உண்டு, ஒரு மணி நேரம்தான். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். 2026 முடிய இந்தச் சலுகையை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். எங்களுக்கு அதை என் தங்கை மகன் செய்து கொடுத்தான்.

போய் இறங்கியதும் முதலில் என்ன தோன்றியது?

நாங்கள் படகில் போனோம். முடிந்தால் நீங்களும் படகிலேயே போங்கள்; விமானத்தில் போனால் இந்தக் காட்சி கிடைக்காது. பட்டர்வொர்த்தில் இரவு தங்கிவிட்டு விடிகாலையில் படகுத்துறைக்கு வந்தோம். மணி ஏழு, இன்னும் இருட்டு. நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்திய கடிகாரம் அவர்களுடையது. ஏழேகாலைத் தாண்டித்தான் வெளுக்கிறது. வந்து காத்திருந்தவர்களைப் பார்த்தேன். வெள்ளை முக்காடு போட்ட மலாய்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு நின்றார்கள். சாமிக்கு எரிக்கும் தங்க நிறக் காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சீனப் பாட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் தமிழ்ப் பத்திரிகையை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஊருக்குள் போனதும் இன்னொரு ஆச்சரியம். பெரிய பெரிய கட்டடங்களை எதிர்பார்த்துப் போன எனக்கு, நம் பெரிய கடைவீதியும் சின்னக் கடைவீதியும்தான் ஞாபகம் வந்தன. கீழே கடை, மேலே வீடு, ஓடு வேய்ந்த கூரை, மரச் சன்னல். கடைகளுக்கு முன்னால் மாடியின் நிழலிலேயே நடந்து போக ஐந்தடி அகலத்தில் வழி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். மழை கொட்டினாலும் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நனையாமல் போகலாம். சில இடத்தில் அந்த வழியிலும் கடை பரப்பி அடைத்துவிடுகிறார்கள், அது நமக்குப் பழகினதுதான். இந்தப் பழைய ஊர்ப் பகுதியை 2008ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அதனால் இடித்துக் கட்டாமல் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இத்தனை விதமான ஜனங்கள் ஒரே ஊரில் எப்படி இருக்கிறார்கள்? சண்டை வராதா?

எல்லாரும் கேட்பது இதுதான், நானும் இதைப் பார்க்கத்தான் போனேன். மாநில அளவில் சீனர்களும் மலாய்க்காரர்களும் ஏறக்குறைய சமமாக இருக்கிறார்கள். நம்மவர்கள் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று ஒரு சாலை. 1818ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் அதன் ஒரு முனையில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கைதிகளின் உழைப்பு அந்தக் கட்டடத்தில் உண்டு. கொஞ்சம் நடந்தால் குவான் யின் என்ற கருணைத் தாயின் சீனக் கோயில். அதன் பின் தெருவில் 1833ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். இன்னும் கொஞ்சம் போனால் பள்ளிவாசல், 1801ல் காதர் மொஹிதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர் கட்டியது. அவருடைய பட்டம்தான் சாலைப் பெயரில் நிற்கிறது. நாலையும் பார்க்க நடை மட்டும் பத்து நிமிடம்.

சீனக் கோயிலில் ஊதுவத்தி என்றால் நம் கை நீளத்துக்கு, சில இடத்தில் ஆள் உயரத்துக்கு. அந்தப் புகை வாசனையோடேயே மாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தோம். உள்ளே நம் கோயில் போலவே மஞ்சளும் குங்குமமும். ஒரு சீனப் பெண் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கற்பூரத் தட்டு வரும்வரை எங்களோடு நின்றார். தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட விதத்தைப் பார்த்தால் இன்று நேற்றுப் பழகியது மாதிரி இல்லை.

இந்த ஊரில் எல்லாம் கலந்து ஒன்றாகிவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் எதையும் விட்டுக் கொடுக்கவில்லை. பள்ளிவாசல் பள்ளிவாசலாகவே இருக்கிறது, மாரியம்மன் மாரியம்மனாகவே இருக்கிறாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் நாள் கணக்கு ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். நாங்கள் தங்கிய விடுதிக்காரர் சீனர். தைப்பூசத்துக்கு எந்தச் சாலை எத்தனை மணிக்கு மூடும் என்று எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். நோன்பு மாதம் தொடங்க இன்னும் எத்தனை நாள் என்று மூலையில் இருந்த தமிழ்ப் பாத்திரக் கடைக்காரர் விரலில் எண்ணிச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் ஒருவர் மாடு சாப்பிட மாட்டார், ஒருவர் பன்றி சாப்பிட மாட்டார், ஒருவர் அன்றைக்கு விரதம். அதைக் கேட்டுக்கொண்டுதான் உணவு சொல்கிறார்கள், கேட்பதை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை. எனக்கு அங்கே மிகவும் பிடித்தது இதுதான்.

ஒரு இரவைச் சொல்ல வேண்டும். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, பிப்ரவரி 5. ஹொக்கியன் சீனர்கள் வானத்துக் கடவுளுக்குப் படையல் போடும் இரவு. தெருவில் மேசை போட்டு, இரண்டு பக்கமும் முழுக் கரும்பை வேரோடும் தோகையோடும் கட்டியிருந்தார்கள். நம் பொங்கல் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அண்ணி என் கையைப் பிடித்து, "இங்க பாரு, கரும்பு" என்றார். முன்னொரு காலத்தில் எதிரிகள் துரத்தியபோது அவர்களுடைய முன்னோர் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து உயிர் தப்பினார்களாம், அதற்கு நன்றிக்கடன் இது. நள்ளிரவு வரை நின்று பார்த்தோம்.

சேலத்திலும் கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர், ஜாமியா மசூதி எல்லாம் எட்டி நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. வீட்டில் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம், உருது பேசிவிட்டு வாசலுக்கு வந்தால் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர்! பிறந்ததிலிருந்து அந்த மசூதியைத் தாண்டிப் போகிறேன், ரம்ஜான் என்றைக்கு என்று காலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பினாங்கிலிருந்து திரும்பியபின் அது உறுத்துகிறது. இந்த வருஷம் எதிர்வீட்டு அக்காவிடம் நானே நாள் கேட்டு வைத்துக்கொண்டேன்.

தமிழ் மட்டும் தெரிந்தால் சமாளிக்கலாமா?

லெபோ பாசார், லெபோ பினாங், லெபோ குயின் பக்கம் இந்தியர் கடைத்தெரு. அங்கே தமிழே போதும். பழைய ஊரின் பல தெருப் பலகைகளில் மலாயோடு சீனமோ தமிழோ ஆங்கிலமோ சேர்ந்து இருக்கிறது. மற்ற இடங்களில் கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் கை சைகை. கடைக்காரர் எந்த இனமானாலும் அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டால் போதும், அதுதான் அங்கே பொது மரியாதை.

அவர்கள் பேசும் தமிழ் காதுக்கு அவ்வளவு இதம். காலையில் பார்த்ததும் "பசியாறியாச்சா?" என்று கேட்கிறார்கள். டிபன் சாப்பிட்டாச்சா என்று நாம் கேட்கிறோமே, அதுதான். டிபன் என்பதை நாம் எங்கிருந்தோ வாங்கி வைத்துக்கொண்டோம், அவர்கள் பசியாறுவதைக் கைவிடவில்லை. அந்த நாட்டுப் பணமான ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். "அஞ்சு வெள்ளிம்மா" என்று ஒருவர் சொன்னதும் கொலுசு விலை சொல்கிறாரோ என்று ஒரு நொடி திகைத்துப் போனேன். வெள்ளி என்றால் கொலுசுதான் நம் ஊரில் நினைவுக்கு வரும், அதுவும் செவ்வாய்ப்பேட்டை பக்கம் சொல்லவே வேண்டாம். நாங்கள் போனபோது ஒரு வெள்ளி ஏறக்குறைய 20 ரூபாய்.

சாப்பாடு எப்படி? சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். எந்தக் குழம்பிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கலாம். கீரைப் பொரியல் என்று நினைத்து வாங்கினால் அதிலும் இருக்கும். பழத்தை வெட்டிக் கருப்பான பாகு ஊற்றி வேர்க்கடலைப் பொடி தூவித் தருகிறார்கள், ரோஜாக் என்று பெயர். பார்க்க நம் தட்டுவடை செட் மாதிரி ஆசையாக இருக்கும். அந்தப் பாகிலும் இறால்தான். அண்ணி சைவம். அவரைக் காப்பாற்றியது வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளும், பௌத்தர்களின் சைவக் கடைகளும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பல சீனர்கள் சைவம் என்பதால் அன்றைக்கு இன்னும் நிறையக் கிடைக்கிறது.

நான் அசைவம் சாப்பிடுவேன். நாசி கண்டார் என்பது பினாங்கின் பெயர் சொல்லும் சாப்பாடு. தமிழ் முஸ்லிம்கள் காவடி மாதிரித் தோளில் தடி வைத்து, இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றது; கண்டார் என்றால் அப்படித் தோளில் சுமப்பது. இப்போது கடை வைத்து விற்கிறார்கள். சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். தனித்தனியாகக் கேட்டால் கொஞ்சம் வருத்தப்படுவார்கள், கலந்தே சாப்பிடுங்கள். இந்தக் கடைக்காரர்களை மாமாக் என்று எல்லா இனத்தவரும் அழைக்கிறார்கள், நம் மாமாதான் அது. புரோட்டாவுக்கு ரொட்டி சானாய் என்று பெயர்.

காபியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடியோடு வளர்கிற அராபிகா காபியைக் குடித்து வளர்ந்தவள் நான். அங்கே கோப்பி என்று தருவது வேறு பொருள். கொட்டையை வறுக்கும்போதே சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுக்கிறார்கள், துணிப் பையில் வடிக்கிறார்கள், கெட்டிப்பால் ஊற்றுகிறார்கள். முதல் நாள் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் தேடிப் போனேன். கோப்பி ஓ என்றால் பால் இல்லாமல், கோசோங் என்றால் சர்க்கரை இல்லாமல். இந்த இரண்டு சொல்லையும் தெரிந்துகொண்டு போங்கள்.

தைப்பூசம் பார்த்தீர்களாமே?

பிப்ரவரி 10 விடியற்காலை ரத ஊர்வலம், 11 தைப்பூசம். நூறாண்டைத் தாண்டிய நகரத்தார் வெள்ளி ரதம் ஒன்று, 2017ல் வந்த தங்க ரதம் ஒன்று. இரண்டும் ஊருக்குள்ளிருந்து தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் போகின்றன. ரதம் வரும் சாலையில் சீனர்கள் தேங்காயை மலையாகக் குவித்து வைத்து உடைக்கிறார்கள். சாலையே தேங்காய்த் தண்ணீரில் வழுக்குகிறது, சுத்தம் செய்ய மண்வெட்டும் எந்திரம் வருகிறது. மலைக்கு ஏற 500க்கு மேல் படி. அண்ணி முழங்கால் வலியோடு ஏறினார். அவருக்குப் பின்னால் ஒரு சீனப் பையன் பால்குடத்தோடு, "வேல் வேல்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

மேலே ஒரு பெரியவர் எங்கள் ஊர் கேட்டார். சேலம் என்றதும் அவருக்கு நினைவு வந்தது மாம்பழம் அல்ல, முத்துமலை! ஆத்தூர் சாலையில் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022ல் குடமுழுக்கு ஆன 146 அடி முருகனைத்தான் சொன்னார். "எங்க பத்துமலைய விட ஆறடி கூட வெச்சிட்டீங்க" என்று சிரித்தார். கோலாலம்பூர் பத்துமலை முருகனைச் செய்த அதே திருவாரூர் சிற்பிதான் இதையும் செய்தார் என்பதையும் அவர் தெரிந்து வைத்திருந்தார்.

ஏற்காடு மாதிரி அங்கேயும் மலை உண்டா?

உண்டு, பினாங்கு மலை. உயரம் 833 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். நமக்கு இருபது கொண்டை ஊசி வளைவு, அவர்களுக்கு 1923லிருந்து செங்குத்தான இழுவை ரயில். வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து பங்களா கட்டிய கதை இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்தில். குளிர் என்று எதிர்பார்க்காதீர்கள். சேர்வராயன் காற்று பழகியவர்களுக்கு அது மிதமான சாயங்காலம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் கார்ன்வாலிஸ் கோட்டை இருக்கிறது. 1786ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் வந்து இறங்கித் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்ட இடம். அந்தக் கார்ன்வாலிஸ் யார் தெரியுமா? 1792ல் திப்புவைத் தோற்கடித்து, உடன்படிக்கையில் நம் சேலத்தையும், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாராமகாலையும் எழுதி வாங்கியவர். ஆறே வருஷ இடைவெளியில் இரண்டு ஊரும் ஒரே கம்பெனியின் கைக்குப் போயிருக்கின்றன. பீரங்கிகளுக்குப் பக்கத்தில் நின்றபோது அது வேற்று ஊர்ச் சரித்திரமாகவே தோன்றவில்லை.

ஏதாவது தப்பு நடந்ததா?

நடந்தது, அதுவும் என்னால். கடலுக்குள் மரக்கால் நட்டு வீடு கட்டி, ஒவ்வொரு துறையிலும் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் வாழும் இடம் உண்டு. பெரியது சியூ துறை. பலகை நடைபாதையில் போகும்போது ஒரு வீட்டு வாசலில் சிவப்பு நிறச் சாமிமாடம் அழகாக இருந்தது. கதவு திறந்திருந்தது. போனை நீட்டிப் படம் எடுத்துவிட்டேன். உள்ளே ஒரு அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அவர் எழுந்து வந்து கையை ஆட்டினார். வார்த்தை புரியவில்லை, கோபம் நன்றாகப் புரிந்தது. என் வீட்டு நடையில் நான் சாப்பிடும்போது யாராவது அப்படிச் செய்தால் சும்மா விடுவேனா? கை கூப்பினேன், அவர் கண் முன்னால் படத்தை அழித்தேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அது வேடிக்கை பார்க்கும் இடமில்லை, ஜனங்கள் குடியிருக்கும் இடம். தயவுசெய்து கேட்டுவிட்டு எடுங்கள்.

நம்மவர்கள் அங்கே நன்றாக இருக்கிறார்களா?

பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் 1816லேயே தமிழ் வகுப்பு தொடங்கியிருக்கிறது. இன்று மலேசியா முழுக்க 500க்கு மேல் தமிழ்ப் பள்ளிகள். நம் ஊரில் பிள்ளையைத் தமிழ்வழியில் சேர்த்தால் ஏளனமாகப் பார்க்கிறார்கள், அங்கே அதைக் காப்பாற்ற ஓடி ஓடி உழைக்கிறார்கள். ஆனால் எல்லாம் சுகம் என்று சொன்னால் பொய். சில பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்றார் ஒரு ஆசிரியை. தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நகரத்தில் காலூன்றப் பட்ட பாட்டை ஒரு டாக்சிக்காரர் வழி முழுக்கச் சொன்னார். ஒன்பது நாள் விருந்தாளிக்குத் தெரிவது கொஞ்சம்தான் என்ற நினைவோடு கேட்டுக்கொண்டேன்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

குடை. பட்டை முள் மூன்று உள்ள பிளக் மாற்றி, நம் உருண்டை முள் அங்கே நுழையாது. தோளையும் முழங்காலையும் மூடும் உடை. பள்ளிவாசலில் மேலங்கி தருகிறார்கள், இருந்தாலும். பழைய ஊருக்குள் இலவசப் பஸ் உண்டு, நடப்பது அதைவிட நல்லது.

சின்னத் தாத்தாவைப் பற்றி ஏதாவது தெரிந்ததா?

இல்லை. பெயர் ஒன்றைத் தவிர எங்களிடம் எதுவும் இல்லை, எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்பதும் தெரியாது. கடைசி நாள் மாரியம்மன் கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கினோம். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். எந்த ஊர் என்றார். சேலம், அங்கிருந்து கப்பலேறி வந்தவர் என்றேன். "இங்க பல பேருக்கு அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு, பேரை மட்டும் உரக்கச் சொல்லி அர்ச்சனை செய்தார். அந்தக் குங்குமம் இப்போது அப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கிறது.